பத்தி என்ன சொல்கிறது? மையக்கருத்தைக் கற்றுக்கொடுக்கச் சில வகுப்பறை விளையாட்டுகள்

நான்காம் வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிவிட்டு, "இதோட மையக்கருத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முதல் வரியை அப்படியே ஒப்பிப்பார்கள். சிலர் கடைசி வரியைச் சொல்வார்கள். கதையாக இருந்தால், "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்று நீதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தங்குதடையில்லாமல் வாசிக்கிற பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன்.

அதே பிள்ளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, "டீச்சர், மூணாம் வகுப்புப் பையன் இவ தட்டைத் தள்ளி விட்டுட்டான்!" என்று ஒரே மூச்சில் சொல்லும். வரிசையில் யார் யார் நின்றார்கள், அன்றைக்கு என்ன குழம்பு என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்காது. நடந்ததில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று பிரிக்க அதற்கு ஏற்கெனவே தெரியும். பேச்சில் இருக்கும் அந்தத் திறமையை வாசிப்புக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு விளக்கத்தைவிட விளையாட்டு நன்றாக உதவுகிறது. புதிதாக 3, 4, 5-ஆம் வகுப்புகளை எடுக்க வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக, என் வகுப்பில் பலன் தந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாம் தெளிவாகிக்கொள்ள வேண்டியது

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். இந்தக் கதை எதைப் பற்றியது? காகம், நரி, வடை. அது பேசுபொருள். கதை என்ன சொல்கிறது? பாட்டியிடம் காகம் திருடிய வடையை, நரி புகழ்ந்து பேசி ஏமாற்றிப் பறித்துக்கொண்டது. அது மையக்கருத்து. கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன? புகழ்ச்சிக்கு மயங்காதே. அது நீதி.

இந்த மூன்றும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றோடொன்று குழம்பிப்போய் இருக்கின்றன. குறிப்பாக நீதி. நாம் சொல்லும் கதைகள் பெரும்பாலும் 'இக்கதையின் நீதி யாதெனில்' என்றுதான் முடிகின்றன. அதனால் கதை என்றால் புத்திமதி என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். இதைத் தப்பு என்று அதட்ட வேண்டியதில்லை. "அது நாம எடுத்துக்கிறது. கதையில என்ன நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

பரீட்சையில் உரைப்பத்திக்குக் கீழே கடைசியாக வரும் 'பொருத்தமான தலைப்பு இடுக' என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். தலைப்பு ஒன்றிரண்டு சொல்லில் முடிந்துவிடலாம். மையக்கருத்து முழு வாக்கியமாக இருக்க வேண்டும். வாக்கியத்தைக் கண்டுபிடித்த பிள்ளைக்குத் தலைப்பு தானாக வந்துவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே 'முழு வாக்கியத்தில் சொல்' என்பதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

காசு செலவு அதிகம் இல்லை. பழைய தினசரி நாள்காட்டியின் அட்டைகள், ஸ்கெட்ச் பேனா, ஒரு மஞ்சப்பை, ஒரு பெரிய கறுப்புக் குடை, இரண்டு கை நிறையப் புளியங்கொட்டை, ஆளுக்கொரு சிலேட்டு. பத்திகளை நீங்களே எழுதிக்கொள்வது நல்லது. 4 முதல் 6 வாக்கியம் போதும். பாடப்புத்தகப் பத்திகளை இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் புதுச்சொற்கள் நிறைய இருக்கும். சொல்லோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்குக் கருத்தைத் தேட நேரம் இருக்காது.

எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், பிள்ளைகள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடைநிலை), மலர் (முன்னேறிய நிலை) என்று நிலை பிரித்திருப்பீர்கள். அரும்பு நிலைப் பிள்ளைக்கு நீங்கள் பத்தியை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டு மையக்கருத்தைச் சொல்வதில் அந்தப் பிள்ளைகள் பல நேரம் மலர் நிலைப் பிள்ளைகளுக்கு ஈடுகொடுப்பார்கள். தனக்கும் இது வருகிறது என்று வகுப்பு முன்னால் ஒரு தடவை தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை வாசிப்பிலும் முன்னேறப் பார்க்கும்.

முதல் விளையாட்டு: யாருடைய பை?

இதில் வாசிப்பே கிடையாது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

ஒரு மஞ்சப்பைக்குள் ஐந்து பொருள்களைப் போட்டு எடுத்து வாருங்கள். ஒரு பஸ் டிக்கெட், தண்ணீர் பாட்டில், வாழை இலையில் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம், மாற்றுத்துணி, விபூதிப் பொட்டலம். பையிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வெளியே எடுங்கள். முதல் பொருளிலேயே சிலர் "ஊருக்குப் போறாங்க!" என்று கத்துவார்கள். "இருக்கலாம், பொறுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கடைசியாக விபூதி வெளியே வந்ததும், "இந்தப் பைக்காரங்க என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். "கோயில்" என்று பதில் வரும். விட்டுவிடாமல், "கோயில் என்ன ஆச்சு? முழுசாச் சொல்லுங்க" என்று கேளுங்கள். "ஒரு குடும்பம் பஸ்ஸில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தது" என்ற வாக்கியம் வரும்வரை நிற்கலாம்.

அப்புறம்தான் முக்கியமான இடம். விபூதியை எடுத்துவிட்டு, மணல் ஒட்டிய இரண்டு கிளிஞ்சல்களை வையுங்கள். மற்ற நான்கும் அப்படியே இருக்கட்டும். "இப்போ?" என்றால் வகுப்பே "கடற்கரை!" என்று அலறும். ஒரே ஒரு விவரம் மாறியதும் மொத்த வாக்கியமும் மாறிவிட்டதை அவர்களே கண்ணால் பார்க்கிறார்கள். விவரங்கள் சேர்ந்துதான் மையக்கருத்தை உண்டாக்குகின்றன என்று நாம் அரைமணி நேரம் பேசினாலும் இந்த அளவுக்குப் புரியாது.

இரண்டாம் நாள் பிள்ளைகளே பை தயாரித்துக்கொண்டு வரட்டும். குழுவுக்கு ஒரு பை. வீட்டிலிருந்து விலையுள்ள பொருள் எதையும் எடுத்துவரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: குடைக்குள் யார்?

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாக அட்டைகளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பனைமரத்தை எடுப்பேன். 'பனை ஓலையில் விசிறியும் பெட்டியும் முடைகிறார்கள்.' 'பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறார்கள்.' 'கோடையில் நுங்கு தின்கிறோம்.' 'பனங்கிழங்கை அவித்துச் சாப்பிடுகிறோம்.' 'முற்றிய பனையின் தண்டு வீட்டுக்கு உத்தரமாகிறது.' இதோடு இன்னோர் அட்டை: 'பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக இருக்கின்றன.'

ஆறு பிள்ளைகளிடம் ஆளுக்கோர் அட்டை. ஏழாவது பிள்ளை குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். குடைமேல் ஒட்ட ஒரு வெற்று அட்டை. வகுப்பு முழுவதும் அட்டைகளை உரக்க வாசித்துவிட்டு, எல்லாரையும் உள்ளே அடக்கும் ஒரு வாக்கியத்தைக் குடைக்குக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் 'பனைமரம்' என்பார்கள். "அது வாக்கியமா?" என்று கேளுங்கள். 'பனை உயரமானது' என்று ஒரு குரல் வரும். "அப்போ கருப்பட்டிக்காரி நனைஞ்சுடுவாளே" என்று சொல்லி அந்தப் பிள்ளையைக் குடைக்கு வெளியே நிறுத்துங்கள். மெதுவாக, 'பனையின் எல்லாப் பகுதியும் நமக்குப் பயன்படுகிறது' என்ற இடத்துக்கு வந்து சேர்வார்கள். அதை எழுதிக் குடைமேல் ஒட்டுங்கள். இப்போது ஒவ்வொருவராகத் தன் அட்டையை வாசித்து, தான் உள்ளே வரலாமா என்று வகுப்பிடம் கேட்க வேண்டும்.

ஓலை வரும், கருப்பட்டி வரும், நுங்கு வரும். ஆண் மரம், பெண் மரம் அட்டைக்காரர் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு வருடம் அந்த அட்டையை வைத்திருந்த பையன் குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னோடதும் பனைதானே டீச்சர், ஏன் என்னை மட்டும் வெளிய விடுறீங்க?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் வராத குறை. நான் பதில் சொல்லவில்லை. கருப்பட்டி அட்டைக்காரி சொன்னாள்: "நீ பனைதான்டா. ஆனா நீ என்ன பயன்னு சொல்லவே இல்லையே." அவன் அட்டையை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தான். தானாகவே இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

அந்தப் பிள்ளை சொன்னதுதான் இந்தப் பாடத்தின் உயிர். பேசுபொருளோடு ஒட்டியது எல்லாம் மையக்கருத்தைத் தாங்குவதில்லை. அதனால் நீங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் இப்படி 'உறவுக்காரன், ஆனால் இந்த வீட்டுக்காரன் இல்லை' என்கிற மாதிரி ஓர் அட்டை கட்டாயம் இருக்கட்டும். சம்பந்தமே இல்லாத 'யானைக்குத் தும்பிக்கை உண்டு' போன்ற அட்டை வேண்டாம். அதை யாரும் யோசிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

வெளியே நின்ற பிள்ளை வருத்தத்தோடு இடத்துக்குப் போகக் கூடாது. "இவனுக்கு ஏத்த குடை எது?" என்று வகுப்பைக் கேளுங்கள். 'பனைமரம் எப்படி வளர்கிறது' என்பது போல ஏதாவது சொல்வார்கள். அந்தக் குடைக்கு அவனையே அடுத்த தடவை தலைவனாக்கிவிடுங்கள்.

மூன்றாவது: புளியங்கொட்டைத் தந்தி

தந்தி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் நாட்டில் தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு அவசரச் செய்தி என்றால் தந்தி அலுவலகத்துக்குப் போய், சொல் கணக்குக்குக் காசு கட்டி அனுப்ப வேண்டும், அதனால் வேண்டாத சொல் ஒன்றைக்கூட யாரும் எழுத மாட்டார்கள் என்று கதை போலச் சொல்லுங்கள். ஆர்வமாகக் கேட்பார்கள்.

ஆளுக்கு 8 புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை. பானையில் கல் போட்ட காகத்தின் கதையைச் சொல்லிவிட்டு, "இதைப் பக்கத்து ஊர்ப் பாட்டிக்குத் தந்தி அடிங்க" என்று சொல்லுங்கள். சிலேட்டில் ஒரு சொல் எழுதும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

முதல் சுற்றில் நடப்பதைப் பார்க்க வேண்டுமே! 'ஒரு ஊரில் ஒரு காகம் இருந்தது. அதற்குத் தாகம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், கையில் ஒரே ஒரு கொட்டைதான் மிச்சம். பானை, கல், தண்ணீர் எதுவும் இன்னும் வரவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அழித்துவிட்டு அவர்களே மறுபடி தொடங்குவார்கள். 'ஒரு ஊரில்' போகும், 'இருந்தது' போகும். கடைசியில் 'காகம் பானையில் கல் போட்டுத் தண்ணீரை மேலேற்றிக் குடித்தது' என்று 7 கொட்டைக்குள் முடித்துவிட்டு, மிச்சக் கொட்டையை நம்மிடம் நீட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழில் சொற்களைச் சேர்த்து எழுதிவிடலாம் என்பதைப் பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். 'காகம்பானையில்கல்போட்டது' என்று எழுதிவிட்டு ஒரு கொட்டைதான் என்று சாதிப்பார்கள். பாடப்புத்தகத்தில் இடைவெளி விட்டு அச்சிட்டிருப்பது போலத்தான் எண்ண வேண்டும் என்று முதலிலேயே விதி வைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்து முடிவுசெய்யட்டும். சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது பற்றி அங்கேயே ஒரு சின்னப் பாடமும் நடந்துவிடும்.

3-ஆம் வகுப்புக்கு 10 கொட்டை கொடுக்கலாம். 5-ஆம் வகுப்பில் போகப் போக 6 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். வாக்கியம் உடைந்து வெறும் சொற்களாகிவிடும்.

நான்காவது: நான்கு மூலை

பிள்ளைகள் எழுந்து நடமாட ஆசைப்படும் மதிய வேளைக்கு இது. வகுப்பின் நான்கு மூலைகளிலும் அட்டை ஒட்டுங்கள்: 'ரொம்பப் பெரிசு', 'ரொம்பச் சின்னது', 'சரியா இருக்கு', 'பத்தியிலேயே இல்லை'. ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

'எறும்புக்கு ஆறு கால்கள். ஒரு புற்றில் ராணி எறும்பு முட்டையிடும். வேலைக்கார எறும்புகள் இரை தேடிக் கொண்டுவரும். சில எறும்புகள் புழுக்களாக இருக்கும் குஞ்சுகளைக் கவனித்துக்கொள்ளும். இன்னும் சில புற்றைச் சரிசெய்யும்.'

இப்போது ஒவ்வொரு விடையாக நீங்கள் வாசியுங்கள். 'பூச்சிகளின் வாழ்க்கை' என்றதும் பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றும் மூலைக்குப் போக வேண்டும். அது ரொம்பப் பெரிசு. 'எறும்புக்கு ஆறு கால்கள்', ரொம்பச் சின்னது. 'எறும்புகள் வேலையைப் பிரித்துக்கொண்டு கூடி வாழ்கின்றன', சரி. 'நாமும் எறும்பு போல உழைக்க வேண்டும்', பத்தியில் இல்லை. இந்தக் கடைசி விடைக்குத்தான் நிறையப் பேர் தவறான மூலைக்குப் போவார்கள், நீதிப் பழக்கத்தால். போகட்டும். "எந்த வரியில அப்படிப் போட்டிருக்கு? காட்டு" என்று கேளுங்கள். கரும்பலகையில் விரலை வைத்துத் தேடிவிட்டுத் தாங்களே மூலை மாறிக்கொள்வார்கள்.

முதல் வரியாக ஆறு காலை வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. மையக்கருத்து முதல் வரியில்தான் இருக்கும் என்று யாராவது பிள்ளைகளுக்கு எப்போதோ சொல்லித் தந்திருப்பார்கள். நானும் என் முதல் வருடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தேன். அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பத்தி முழுவதையும் படிப்பதையே விட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்ய அரைவருடம் ஆனது. அதனால் உங்கள் பத்திகளில் மையக்கருத்து சில நேரம் முதலில், சில நேரம் கடைசியில், சில நேரம் எந்த வரியிலும் நேராகச் சொல்லப்படாமல் இருக்கட்டும்.

முதல் ஆள் ஓடும் பக்கமே கூட்டமும் ஓடுவது இந்த விளையாட்டில் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் 1, 2, 3, 4 என்று மூலை எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் நடக்கவிடுங்கள்.

தலைப்பை வெட்டிய செய்தி

இது சுலபம். நாளிதழிலிருந்து சின்னச் செய்திகளாக ஐந்தாறு வெட்டி எடுங்கள். மழை, விளையாட்டு, திருவிழா போன்றவை போதும். விபத்து, குற்றச் செய்திகள் வேண்டாம். தலைப்பைத் தனியாக வெட்டிக் கலந்துவிடுங்கள். குழுக்கள் தலைப்பையும் செய்தியையும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு, "இதைவிட நல்ல தலைப்பு ஒண்ணு வைங்க" என்று கேளுங்கள். 5-ஆம் வகுப்புக்குத்தான் இது பொருந்தும். நாளிதழ் மொழி 3-ஆம் வகுப்புக்குக் கடினம்.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு நாளைக்கு ஒரு விளையாட்டு, 20 நிமிடம். ஆர்வம் குறைவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பை விளையாட்டுக்கு இரண்டு நாள், குடைக்கு ஒரு வாரம், தந்திக்கு ஒரு வாரம் என்று போனால் ஒரு மாதத்தில் நான்கு மூலைக்கு வந்துவிடலாம். வரிசையை மாற்றாதீர்கள். குடை விளையாடாத வகுப்பில் தந்தியைத் தொடங்கினால், எந்தச் சொல்லை விடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

குரல் பெரிய நாலு பிள்ளைகள் எல்லாப் பதிலையும் சொல்லிவிடுவது எந்த வகுப்பிலும் நடக்கும். அதற்குச் சிலேட்டுதான் மருந்து. எல்லாரும் எழுதி, நான் மேசையைத் தட்டும்போது ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். அமைதியான பிள்ளைகளின் சிலேட்டில் என்னென்ன நல்ல வாக்கியங்கள் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தவறான பதில் வந்தால், சரியான பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட அவசரப்படாதீர்கள். இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வாக்கியத்துக்குள்ள எந்த வரியெல்லாம் அடங்குது?" "எந்த வரி வெளிய நிக்குது?" இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நாளில் பிள்ளைகளே ஒருவரையொருவர் இப்படிக் கேட்கத் தொடங்குவார்கள்.

ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துபவர்களுக்கு இதே விளையாட்டுகள் இன்னும் வசதி. பெரிய பிள்ளைகள் பத்தி எழுதி அட்டை தயாரிக்கட்டும், சின்னப் பிள்ளைகள் விளையாடட்டும். பத்தி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மையக்கருத்து என்னவென்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

பிடிபட்டுவிட்டதா என்று பார்ப்பது

மாதக் கடைசியில், பிள்ளைகள் இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுங்கள். குடையும் கொட்டையும் இல்லாமல், தாளில் மூன்று பதில்கள் மட்டும்: இது எதைப் பற்றியது, அதைப் பற்றி என்ன சொல்கிறது, அப்படி நினைக்க வைத்த இரண்டு வரிகள் எவை. மதிப்பெண் போடாதீர்கள். மூன்றாவது பதிலை மட்டும் கவனமாகப் படியுங்கள். சரியான மையக்கருத்தை எழுதிவிட்டுச் சம்பந்தமில்லாத வரிகளைக் காட்டும் பிள்ளை, பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கலாம், அல்லது தோராயமாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையை மறுபடியும் குடைக்கு அழைத்து வாருங்கள். வாக்கியம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வரிகளைச் சரியாகக் காட்டிய பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வாக்கியம் அடுத்த மாதம் நேராகிவிடும்.

அதற்குப் பிறகு இரண்டு பத்திகள் உள்ள பாடத்துக்குப் போகலாம். இரண்டு குடைகளை விரித்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் மேலே பிடிக்க ஒரு பெரிய குடை எது என்று கேளுங்கள். என் வகுப்பில் இந்தக் கேள்வி வந்த அன்று ஒரு பெண் ஓடிப்போய், வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டு, "எல்லாரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அன்றைய பாடத்தை அந்த மரத்தடியிலேயே முடித்தோம்.